ஒப்பந்தம் இல்லையென்றால்

அந்த ஆண்டு எங்கள் நாட்டுக்கு இரண்டு பட்ஜெட் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, மூன்று வருடமாகப் பெட்டியும் கையுமாக வாசலிலேயே நின்றால் என்ன செய்வீர்கள்? போகவும் மாட்டான், உள்ளே வரவும் மாட்டான், பேச்சை மட்டும் நிறுத்த மாட்டான். அவனோடு பால், மாடு, மருந்து, கார் உதிரிப்பாகம் என்று தினமும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறவர்கள் அடுத்த வருடச் செலவுக்கு எப்படித் திட்டம் போடுவது? கூட்டுக் குடும்பம் என்று நான் சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்தை. வாசலில் நின்றது பிரிட்டன். தலையைப் பிய்த்துக்கொண்டது அயர்லாந்துக்காரர்களான நாங்கள்.

நாங்கள் என்றால் நாடு முழுக்க இல்லை. டப்ளினில், நிதித் துறைக் கட்டடத்தின் மேல்மாடியில், பத்துப் பேர்கூடத் தேறாத ஒரு பிரிவு. அதில் ஐம்பதைத் தாண்டிய, வாய் கொஞ்சம் நீளமான ஒருத்தி இருந்தாள். பெயர் ஈட்டா. அது நான்தான்.

2019 தொடக்கத்திலேயே எல்லாத் துறைகளிலிருந்தும் வரும் செலவுக் கோரிக்கைகளை இரண்டு பத்திகளாகப் பிரித்து வைத்தோம். முதல் பத்தியில், என்ன ஆனாலும் செய்ய வேண்டிய வேலைகள். இரண்டாம் பத்தியில், பிரிட்டன் எந்த ஒப்பந்தமும் போடாமல் முறித்துக்கொண்டு போனால் மட்டும் செய்ய வேண்டியவை. ஒப்பந்தத்தோடு போனால் வியாபாரம் ஏறக்குறைய பழையபடி ஓடும். இல்லாமல் போனால் மறுநாள் காலையிலேயே எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் சுங்கவரி வரும், சோதனை வரும், துறைமுகத்தில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். எத்தனை குடும்பங்களில் உலை ஏறாது என்பதைக்கூட எங்கள் ஆட்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

பிரிட்டன் போவதற்கு வைத்த கெடு அக்டோபர் கடைசி. செப்டம்பரில் அமைச்சர் முடிவெடுத்தார். கெட்டதே நடக்கும் என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுவோம். நல்லது நடந்துவிட்டால் இரண்டாம் பத்திப் பணம் தொடாமல் கிடக்கட்டும் என்றார். பொறுப்பான முடிவு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வெளியே கசிந்த பிறகு நடந்த கூத்து இருக்கிறதே, அதை நாங்கள்தான் அனுபவித்தோம்.

முதல் பத்தியில் புதிதாக ஒரு துரும்பையும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டாம் பத்திக்கோ கஜானா திறந்திருந்தது. எங்கள் நாட்டில் எந்தக் கதவு சாத்தியிருக்கிறது, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். பத்து வருடமாகக் கேட்டுக் கிடைக்காததையெல்லாம் ஒப்பந்தம் இல்லையென்றால் என்ற சட்டையை மாட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு கடலோர ஊர் படகுத்துறைக்கு விளக்குக் கேட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால் இங்கிலாந்து சுற்றுலாக்காரர்கள் வர மாட்டார்களாம், விளக்குப் போட்டால் வருவார்களாம். இன்னொரு ஊர், நாய் ஓட்டப் பந்தய மைதானத்துக்குக் கூரை கேட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால் இங்கிலாந்து நாய்கள் எல்லை தாண்டாது, ஆகவே உள்நாட்டு நாய்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அதைப் படித்து என் மேலதிகாரி ஃபின்டன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவற்றை அடித்துப் போடுவதுதான் என் வேலை. இரக்கமே இல்லாமல் அடித்தேன்.

இதெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை. வெள்ளி மாலை டப்ளினின் பெரிய பஸ் நிலையத்தில் வடக்கே போகும் பஸ்ஸைப் பிடிப்பேன். அங்கிருந்துதான் என் வாழ்க்கை ஆரம்பித்தது என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் ஊர் ட்ரம்கில்லா, எல்லையை ஒட்டிய சின்ன ஊர். அம்மா விட்டுப்போன வீடு அங்கே இருந்தது. ஊர்க்கோடியில் ஓர் ஓடை, ஓடையில் ஒரு கல் பாலம். பாலத்தின் அந்தப் பக்கம் பிரிட்டன்; எங்கள் தீவின் வட மூலை இன்னும் அவர்களிடம்தான். தார் ரோட்டின் நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டி மேடேறினால் மலாக்கியின் பால் பண்ணை.

மலாக்கியை அம்மாவின் சாவின்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிய வந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். மற்ற ஆண்கள் அடக்கம் முடிந்து விஸ்கி குடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு, வந்தவர்கள் குடித்த தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். "உங்கம்மா என் மாடுங்களத் திட்டாத நாளே கெடையாது. இனிமே அதுங்களுக்கு யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த ஞாயிறு ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் காதல் சொல்வதற்கு உருளைக்கிழங்குதான் மொழி. அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

அவன் டப்ளினுக்கு வர முடியாது. எண்பது மாட்டைக் காலையும் மாலையும் கறக்க வேண்டும். மாட்டுக்கு ஞாயிறும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. நான் ஊருக்கு வர முடியாது. என் வேலைக்கு ட்ரம்கில்லாவில் என்ன இருக்கிறது? வேலையை விட்டால் ஓய்வூதியத்தில் பாதி போகும், டப்ளின் வீட்டுக் கடன் மட்டும் போகாது. அதோடு, இன்னொருவர் மாட்டை நம்பி உட்கார்ந்து சாப்பிடுகிற சுபாவமும் எனக்கு இல்லை. ஆகவே எங்களுக்கு வாய்த்தது சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு பாதி. ஞாயிறு மாலை பஸ் ஜன்னலில் அந்த மேடு பின்னால் போகும்போதெல்லாம், இந்த வயதில் இப்படி ஏங்குகிறோமே என்று எனக்கே என்மேல் கோபம் வரும். கோபம் வந்தால் மட்டும் ஏக்கம் குறைந்துவிடுமா?

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், என் மேசைக்கு வந்த கோரிக்கைகளில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. எல்லையோரத்துச் சிறு வியாபாரிகளுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் உதவ ஓர் அலுவலகம். மூடிப்போன வங்கிக் கிளையின் மாடியில் ஆறு பேர். சுங்கத் தாள் எழுதுவது, கடன் வாங்கித் தருவது, மானியம் பார்ப்பது. இரண்டு வருடத்துக்குத் தற்காலிகம் என்று போட்டிருந்தது. எங்கள் அரசில் தற்காலிகம் என்று தொடங்கிய எதுவும் இதுவரை மூடப்பட்டதில்லை. தலைமைப் பொறுப்புக்குக் கேட்டிருந்த பதவி, அச்சு அசலாக என் பதவி. ஒப்பந்தம் உண்டோ இல்லையோ, எங்கள் பக்கத்துக்கு இது வேண்டும் என்று முதல் பத்தியில் கேட்டிருந்தார்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டிலிருந்து நடந்து வேலைக்குப் போய், மாலையில் பாலம் தாண்டி மேடேறி, யாரோ ஒருவன் பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரிக்கிற வாழ்க்கை கண்முன்னால் வந்து நின்றது. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி. பிறகு எழுந்து ஃபின்டன் அறைக்குப் போனேன்.

"இத நான் பாக்க முடியாதுங்க ஃபின்டன்."

"ஏன், நாய்க் கூரைய விட மோசமா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சன. எங்க ஊரு. இது வந்துச்சுன்னா மொத ஆளா நான்தான் விண்ணப்பம் போடுவேன். அப்புறம் நானே பாஸ் பண்ணேன்னு வெளிய தெரிஞ்சா நாறிடும்."

அவர் தாளை வாங்கிப் படித்தார். "அந்தப் பால்காரர் இருக்கற ஊரா?"

"பால்காரர் இல்ல. பண்ணைக்காரர். அவரு இருக்கறது பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"சரி, பண்ணைக்காரர். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நீங்க இதப் பாக்கவே இல்ல."

ஃபின்டன் நல்ல மனிதர். அதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தவறு அவருடைய நல்ல மனத்தால் நடந்தது. ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வந்து குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"உங்க ஊர் ஆபீஸு தப்பிச்சிருச்சு."

"எப்படி?"

"மொத பத்தில விட்டிருந்தா அமைச்சர் மேசைக்குப் போறதுக்குள்ளயே வெட்டிருப்பாங்க. எடுத்து ரெண்டாம் பத்தில சொருகிட்டேன். அங்க யாரும் கத்தி வெக்க மாட்டாங்க."

நன்றி சொன்னேன். கீழே போய் அவருக்கு ஒரு காப்பிகூட வாங்கி வந்தேன். வெள்ளி மாலை பஸ் நகரத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருடமாகப் பட்ஜெட் போடுகிறவள், இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பத்தி என்றால், ஒப்பந்தம் முறிந்தால் மட்டும்தான் அந்த அலுவலகம் திறக்கும். ஒப்பந்தம் முறிந்தால் மலாக்கியின் பாலுக்குச் சுங்கவரி விழும். அவன் மாடு மேய்வது பிரிட்டன் பக்கத்தில், பால் போவது எங்கள் பக்கத்துப் பால் ஆலைக்கு. வரி விழுந்த பிறகு அந்தப் பாலை லாரியில் ஏற்றுவதை விட வாய்க்காலில் ஊற்றுவது லாபம். நான் அவனிடம் போய்ச் சேருவதற்கு அவன் பிழைப்பு அழிய வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் பல் துலக்கும்போது வானொலிச் செய்தி கேட்பேன். பேச்சுவார்த்தையில் இழுபறி என்றால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளும். சற்று முன்னேற்றம் என்றால் சோர்ந்து போவேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான் என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். நாடே நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்காக, அதைத் தாங்குவதற்குத் திட்டம் போடுகிறவளே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஆசைப்பட்டேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அமைச்சர் பட்ஜெட்டைப் படித்தார். ஒப்பந்தம் இல்லை என்ற அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டாம் பத்தி நூற்றிருபது கோடி யூரோவுக்குப் போயிருந்தது. அத்தனை பெரிய தொகைக்குள் ட்ரம்கில்லாவின் ஆறு நாற்காலியை யார் பார்க்கப் போகிறார்கள்? உரையில் அது வரவில்லை. பின்னிணைப்பில் ஒரு வரியாக இருந்தது. பட்ஜெட் வெளியே வந்துவிட்டதால் இனி யாரிடமும் சொல்லலாம். மலாக்கியிடம் தொலைபேசியில் சொல்லாமல் நேரிலேயே சொல்ல நினைத்தேன்.

அதற்குள் வியாழக்கிழமை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் இங்கிலாந்தில், கல்யாணங்கள் நடக்கிற ஒரு பழைய மாளிகையில் சந்தித்து, வழி தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். எனக்கு அன்று தலைவலி.

சனிக்கிழமை மாலை மாடு கறக்கும் கொட்டகைக்குப் போனேன். மலாக்கி கறவை இயந்திரத்தின் குழாய்களை மடியில் மாட்டிக்கொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் வரவேற்பு. மாடுகளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வரிசையில் பல மாடுகளின் தொடையில் நீலப் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருந்தது.

"அது என்ன நீலமா?"

"பெயின்ட்டு."

"பெயின்ட்டுன்னு தெரியுது. எதுக்கு?"

"நவம்பர்ல சந்தைக்குப் போற ஆளுங்க. ஒப்பந்தம் இல்லன்னா பால் லாரி பாலம் தாண்டாது. எல்லாத்தயும் கட்டி வெச்சுத் தீனி போட முடியுமா? மொத தவணை இதுங்க."

நான் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். "அந்தக் கறுப்பியுமா?"

"அவளுக்கு வயசாச்சு. எனக்கும்தான் ஆச்சு. ஆனா என்னை யாரு ஏலத்துல எடுப்பா?"

சிரிக்கத்தான் செய்தேன். அந்தக் கறுப்பி அவன் கையால் கன்றிலிருந்து பாட்டில் பால் குடித்து வளர்ந்தவள். நீலக் கோட்டைப் போடும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் தெம்பில்லை.

கறவை முடிந்து சமையலறைக்கு வந்தோம். அந்த வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே ஒரு சாய்வு நாற்காலிதான் இருக்கும். தனியாளின் வீடு. நான் போனால் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அன்று அங்கே இரண்டாவதாக ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. பச்சை வெல்வெட், கைப்பிடி கொஞ்சம் நைந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"இந்த வாரந்தான். ஏலத்துல சும்மா கெடந்துச்சு. சல்லிசா வந்துச்சு."

"யாருக்கு?"

"நாய்க்கு."

நாய் அதன் பக்கத்தில் தரையில் படுத்திருந்தது. ஏறினால் உதை விழும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். சரியான உயரம். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர்ப் பாத்திரத்தைத் தேவையில்லாமல் நான்கு தடவை அலசினான்.

அங்கே உட்கார்ந்துதான் அலுவலக விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், முதல் பத்தியில் இருந்தது இரண்டாம் பத்திக்குப் போனது உட்பட. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ, ஒப்பந்தம் இல்லன்னா நீ வந்துருவ."

"விண்ணப்பம் போட்டாக் கெடைக்கும். அந்தப் பதவில எல்லைப் பக்கம் போக வேற யாரும் தயாரா இல்ல."

"ஒப்பந்தம் வந்துச்சுன்னா மாடு நிக்கும்."

"ஆமா."

அவன் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். "கல்லக் கண்டா நாயக் காணோம், நாயக் கண்டா கல்லக் காணோம்."

"நான் கல்லா, நாயா?"

"நீ அந்த நாக்காலில உக்காந்திருக்கற. அத வெச்சுப் பாத்தா நாய்தான்."

இன்னொரு நாளாக இருந்தால் கையில் கிடைத்த துணியை அவன்மேல் எறிந்திருப்பேன். அன்று முடியவில்லை. ஒரு பக்கம் நீலக் கோடு, ஒரு பக்கம் பச்சை நாற்காலி. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவன் மனத்தில் எது மேலே இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இனி ஒரு பஸ்கூட ஏற முடியாது என்று தோன்றியது.

"மலாக்கி, நெசமாச் சொல்லு. ஒனக்கு எது நடக்கணும்?"

"நான் கேட்டா நடந்துருமா? லண்டன்ல இருக்கறவன் என்னைக் கேட்டா முடிவு பண்றான்?"

"லண்டன்காரன விடு. நான் கேக்கறேன்."

"மாடு எண்பது. நீ ஒருத்தி. கணக்குப் போடறது ஒன் உத்தியோகம். என்னைக் கேட்டா?"

"ஒரு வார்த்த சொன்னாக் கொறஞ்சா போயிருவ?"

"என்ன வார்த்த?"

"எனக்குத் தெரிஞ்சா நானே சொல்லிட்டுப் போயிருவேனே. ஒங்கிட்ட எதுக்குக் கேக்கறேன்?"

அவன், பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வெந்துவிட்டது என்று எழுந்து போனான். வாய் தவறி நல்ல வார்த்தை வந்துவிட்டால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற வம்சம் அது. ஞாயிறு மாலை அவன் பஸ் நிறுத்தம் வரை வந்தான். ஒரு பை உருளைக்கிழங்கு கொடுத்தான். நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். டப்ளின் வரை அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை, பட்ஜெட் வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. காலையில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கூடிவிட்டார்கள். லண்டன் நாடாளுமன்றம் இன்னும் ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கே என்ன கூத்து நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, கெடு தள்ளிப் போகலாம். ஆனால் வெறும் முறிவு இனிமேல் இல்லை என்பது எங்கள் ஆட்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பிரிவின் இளைய பெண் ஓர்லா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பினாள். அவள் அண்ணன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மதியத்துக்குமேல் ஃபின்டன் ஓடிப்போய் உலர்பழ ரொட்டி வாங்கி வந்தார். அக்டோபர் மாதம் எங்கள் நாட்டில் எல்லா ரொட்டிக் கடையிலும் அது இருக்கும். உள்ளே ஒரு மோதிரம் ஒளித்து வைத்திருப்பார்கள், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருடத்துக்குள் கல்யாணம். வெட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தார். மோதிரம் அவருடைய பல்லிலேயே மாட்டியது. பேரன் பேத்தி எடுத்த மனிதர். "வீட்டம்மாவுக்குத் தெரியாம வெச்சுக்கங்க," என்றாள் ஓர்லா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஃபின்டன் என் பக்கம் திரும்பினார். அந்த நிமிடம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்திலிருந்து சிரிப்பு அப்படியே வழிந்து இறங்கியது.

தட்டை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"ஈட்டா, அந்த ஆபீஸ்..."

"தெரியுங்க."

"மொத பத்தில விட்டிருந்தா ஒருவேள..."

"வெட்டிருப்பாங்க."

"பாதிக்குப் பாதி. யாராவது எம்.பி. சத்தம் போட்டிருந்தா நின்னிருக்கும். நான்தான் பத்திரமா இருக்கட்டும்னு..." அவர் மோதிரத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "இப்ப திருப்பி மாத்த முடியாது. பட்ஜெட்டு படிச்ச பிறகு மொத பத்தில ஒரு காசு கூட்ட முடியாது."

"நீங்க நல்லதத்தான் நெனச்சுச் செஞ்சீங்க. போயி ரொட்டி சாப்டுங்க."

அவர் போகவில்லை. அவரை நான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அது வேறு எரிச்சல். எவனோ எங்கேயோ கைகுலுக்கினான். நாடு பிழைத்தது, பால் பிழைத்தது, ஓர்லாவின் அண்ணன் பிழைத்தான். எனக்கு மட்டும் எழவு விழுந்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லி அழக்கூட முடியாது. எந்த வாயால் சொல்வது? ஆபத்து நீங்கிவிட்டதே என்று எந்த ஊரிலாவது ஒருத்தி அழுதிருக்கிறாளா?

வேலை முடியும் நேரத்துக்குக் கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்துக்கு இறங்கிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மலாக்கியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். காலைலேர்ந்து ரேடியோவுல அதேதான்."

"பால் லாரி நிக்காது."

"நிக்காது."

"மாட்ட ஒண்ணும் விக்க வேணாம்."

"வேணாம்."

பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது. மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது. மடி கனத்தால் அதுகள் வாசலில் வந்து நின்று ஊரைக் கூட்டும்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றேன். குரலைச் சரியாகத்தான் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். "நாட்டுக்கும் நல்லது. ஒனக்கும் நல்லது."

"நீ சந்தோஷமா இருக்கியா ஈட்டா?"

"இதுல சந்தோஷப்படாம என்ன?"

"நான் அதக் கேக்கல."

மழைத் துளி சைக்கிள் சீட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் அரசாங்கத்துக்குப் பொய் கலக்காமல் கணக்கு எழுதியவள். அவனிடம் மட்டும் ஏன் எழுத வேண்டும்?

"இல்ல," என்றேன். "எனக்கு சந்தோஷமா இல்ல."

மாடுகள்தான் கத்தின. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. மேடேறி வந்தவன் மூச்சு மாதிரி இருந்தது.

"எனக்கும் இல்ல," என்றான்.

அப்புறம் நான் அழுதேன். அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. மாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து கத்தின, பிறகு மொத்தமாகக் கத்தின. போய்ப் பாலைக் கற என்று நான் சொல்லவில்லை. அவனும் போகவில்லை.